மீனைத் தின்னாதே என்பதுதான் நீதியா?

1873ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 3ஆம் நாள், கனடா நாட்டின் வாவிகள் மலிந்த காட்டுப் பகுதியொன்றிலே, பிரித்தானிய முடியின் பெயரால் வந்த ஆணையாளர்களும் அனிஷினாபே என்னும் பழங்குடி மக்களின் தலைவர்களும் ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டனர். மூன்றாம் இலக்க உடன்படிக்கை என்பது அதன் பெயர். ஏறத்தாழ 55,000 சதுரமைல் நிலம் அன்று கைமாறிற்று. நிலத்தைக் கொடுத்தவர்கள் தமக்கென நிறுத்திக்கொண்ட உரிமைகளுள் தலையாயது, அந்நிலப்பரப்பெங்கும் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் உள்ள உரிமை. அவ்வுரிமை இன்றும் உயிரோடிருக்கிறது; 1982ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் அதற்கு அரணும் அமைத்திருக்கிறது. உரிமை இருக்கிறது, ஆறு இருக்கிறது, ஆற்றிலே மீனும் இருக்கிறது. பிடித்த மீனைத்தான் தின்ன முடியாது. மீனின் தசையிலே பாதரசம் இருக்கிறது.

கனடாவின் ஆற்று மீனைப் பற்றி நமக்கென்ன கவலை என்று கேட்கும் வாசகர் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு வார்த்தை. இந்த ஆறு ஓடுவது ஒன்ராறியோ மாகாணத்தில். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலுமிருந்து புலம்பெயர்ந்த நம்மவரில் மிகப் பெருந்தொகையினர் குடியேறியிருப்பதும் அதே மாகாணத்தில். அவர்கள் அங்கே வரி செலுத்துகின்றார்கள்; வாக்களிக்கின்றார்கள்; உறுப்பினரைத் தெரிவு செய்கின்றார்கள். நமது உடன்பிறந்தாரின் பெயராலும் அம்மாகாண அரசாங்கம் நடக்கிறது என்றால், அது செய்ததையும் செய்யாது விட்டதையும் நாம் அறிந்திருப்பது முறையே.

டிறைடன் என்பது வடமேற்கு ஒன்ராறியோவில் உள்ள ஒரு கடதாசி ஆலை நகரம். மரக்கூழை வெளுப்பதற்குக் குளோரீனும் எரிசோடாவும் வேண்டும். இரண்டையும் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கலாம். பரந்தனிலே ஆனையிறவு உப்பைக் கொண்டு நடந்த தொழிலும் இதுதான் என்பதை மூத்த வாசகர் அறிவர். தொழில் ஒன்றாயினும் முறைகள் பல. டிறைடனில் 1962ஆம் ஆண்டு றீட் என்னும் பிரித்தானியக் கடதாசிக் கம்பனியின் துணை நிறுவனம் கைக்கொண்டது பாதரச மின்கல முறை. அம்முறையிற் பாதரசம் கழிவோடு கலந்து வெளியேறும். 1962 முதல் 1970 வரையில் ஏறத்தாழ 9,000 கிலோகிராம் பாதரசம் வாபிகூன் ஆற்றிற் கொட்டப்பட்டது. வாபிகூன் சென்று இங்கிலிஷ் ஆற்றிற் கலக்கிறது. ஆலையிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவிலே அந்த நீரோட்டத்தை நம்பி வாழ்பவர்கள் கிறாசி நறோஸ் என்னும் ஊரின் அனிஷினாபே மக்கள். அவர்களுக்கும் அப்பால், இன்னும் கீழே, வைற்டொக் என்னும் ஊர்.

இங்கே சற்று நின்று, பாதரசம் மீனுக்குள் எவ்வாறு புகுந்தது என்பதைப் பார்த்தல் வேண்டும். ஏனெனில், கம்பனிகளின் வாதம் முழுவதும் இந்த இடத்திலேயே ஒளிந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் விழுந்த பாதரசம் கனமானது. அடியிற் சென்று வண்டலிலே தங்கிவிடும். தண்ணீரை அள்ளிப் பார்த்தாற் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். மணமில்லை, நிறமில்லை, சுவையிலும் வேறுபாடில்லை. ஆனால், காற்றுப் புகாத அந்தச் சேற்றிலே வாழும் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மெதைல் பாதரசமாக மாற்றுகின்றன. உயிருடலிற் பற்றிக்கொள்ளும் வடிவம் அதுதான். அதை நுண்ணிய நீர்வாழ் உயிர்கள் உட்கொள்ள, அவற்றைப் புழுபூச்சிகள் தின்ன, அவற்றைச் சிறு மீன் தின்ன, சிறு மீனைப் பெரு மீன் விழுங்க, படிக்குப் படி நஞ்சு செறிவாகிறது. நமது குளங்களிலே விரால் எவ்வாறு சிறு மீன்களை வேட்டையாடி வளர்கிறதோ, அவ்வாறே அங்கே வோலாய், பைக் என்னும் மீன்கள் வேட்டையாடி வளர்கின்றன. அவற்றின் தசையிற் சேரும் மெதைல் பாதரசம், அவை நீந்தும் தண்ணீரில் உள்ளதைக் காட்டிலும் பத்து இலட்சம் மடங்கு வரையிற் செறிந்திருக்கும். வயது முதிர்ந்த பெரிய மீனிலே நஞ்சும் பெரிது. எந்த மீனைப் பிடித்தவன் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுபோவானோ, விருந்துக்கும் மகப்பேற்றுப் பெண்ணுக்கும் எதை எடுத்து வைப்பானோ, அந்த மீன்தான் கொடியது.

கொழுப்பிலே தங்கும் நஞ்சானாற் கொழுப்பை அரிந்தெறிந்துவிட்டுச் சமைக்கலாம். பாதரசம் தசையிலே பிணைந்திருப்பது. அவித்தாலும் பொரித்தாலும் கருவாடாக்கினாலும் போகாது. உண்டவரின் குருதியிலிருந்து மூளைக்குச் செல்லும். கருவுற்ற தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்லும். கைகால் விறைத்தல், நடுக்கம், நடை தள்ளாடுதல், பார்வையின் பரப்புச் சுருங்கிக் குழாயினூடே பார்ப்பதுபோலாதல், செவிப்புலன் குன்றுதல் ஆகியன அதன் குறிகள். ஒவ்வொன்றுக்கும் வேறு காரணம் சொல்லலாம். முதுமை என்னலாம், நீரிழிவு என்னலாம், குடி என்னலாம். பழங்குடி மக்கள் விடயத்தில் மூன்றாவது காரணத்தைச் சொல்வதற்கு ஆட்கள் எப்பொழுதும் ஆயத்தமாயிருந்தார்கள்.

1970ஆம் ஆண்டு மீனிற் பாதரசம் இருப்பது வெளியாயிற்று. மாகாண அரசாங்கம் உடனே செய்த காரியம் என்ன? ஆற்றிற் கொட்டுவதை நிறுத்துமாறு ஆலைக்குக் கட்டளையிட்டது. அதுவும் பாதரச மின்கலங்கள் 1975 வரையில் இயங்கிக்கொண்டேயிருந்தன. மீன்பிடித் தொழிலைத் தடைசெய்தது. தொழிலுக்காக மீன்பிடித்தவர்கள் யார்? பழங்குடி மக்கள். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட வரும் செல்வர்களுக்கோ தடையில்லை. அவர்கள் பிடிக்கலாம், படம் எடுக்கலாம், திரும்ப ஆற்றில் விடலாம். அவர்களுக்கு வழிகாட்டியாகச் சென்று நண்பகலிற் கரையில் மீன் பொரித்துத் தாமும் உண்ட கிறாசி நறோஸ் மனிதனைப் பற்றி அரசாங்கம் அதிகம் சிந்தித்ததாகத் தெரியவில்லை. பால் லேக் என்னும் வாவியிலே விடுதி நடத்திய வெள்ளையர் ஒருவர், நஞ்சுண்ட மீனைக் காட்டி விருந்தினரை அழைக்கமாட்டேன் என்று 1970இலேயே விடுதியை மூடினார். அரசாங்கத்துக்கு வராத நாணம் ஒரு விடுதிக்காரருக்கு வந்தது. ஆனால், அங்கே வழிகாட்டிகளாயிருந்த அனிஷினாபே குடும்பங்களின் வருவாயும் அதனோடு போயிற்று. தொழிலும் உணவும் ஒரே ஆண்டிலே கைநழுவின. மீன் இல்லாத இடத்திற் கடையிலிருந்து வந்த மாவும் சீனியும் தகரப்பேணி உணவும் புகுந்தன.

கமக்காரர் இதை எளிதில் விளங்கிக்கொள்வர். உமது வயலிலே நெல் விளைகிறது, விளைச்சலுக்குக் குறைவில்லை, ஆனால் அந்த நெல்லை நீரும் உண்ணக்கூடாது, சந்தைக்கும் கொண்டுபோகக்கூடாது என்று ஓர் உத்தியோகத்தர் வந்து பலகை நாட்டிவிட்டுப் போனால், அது தடையா, பறிமுதலா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். நஞ்சு வழக்குகள் அனைத்தும் வந்து முட்டும் சுவர் ஒன்றுண்டு. எண்பிக்கும் பொறுப்பு யாருடையது என்பதே அது. வழக்கிட்டவன் எண்பிக்கவேண்டும் என்பது பொது விதி. கடனைக் கேட்பவன் கடன் கொடுத்ததை எண்பிக்கட்டும், அதில் அநீதியில்லை. ஆனால், ஆலையின் மதிலுக்குள்ளே எந்தக் குழாயில் எந்தப் பொருள் எவ்வளவு ஓடிற்று என்பதை மதிலுக்கு வெளியே நிற்கும் செம்படவன் எவ்வாறு எண்பிப்பான்? ஆலையின் ஏடுகள் ஆலையிடம். இரசாயனர் ஆலையின் சம்பளத்தில். அவனிடம் இருப்பது நடுங்கும் கை ஒன்றுதான்.

இந்தச் சுவரை உடைத்தவர்கள் யப்பானியர். மினமாற்றா என்ற பெயரைப் பலரும் கேட்டிருப்பர். அது கடற்கரை ஊர். அதற்கடுத்து, நீகாற்றா மாவட்டத்தில் அகானோ என்னும் ஆற்றின் கரையிலே அதே நோய் 1965ஆம் ஆண்டு வெளிப்பட்டது. உண்டது ஆற்று மீன். மேலே இருந்தது ஷோவா டெங்கோ கம்பனியின் ஆலை. 1967இல் நோயாளர் வழக்குத் தொடுத்தனர். 1964இல் நீகாற்றாவில் நிகழ்ந்த நிலநடுக்கத்திலே களஞ்சியங்களிலிருந்த விவசாய மருந்துகள் ஆற்றில் அடித்துச் செல்லப்பட்டன, நஞ்சு அங்கிருந்துதான் வந்தது என்று கம்பனி வாதித்தது. குற்றத்தை நிலநடுக்கத்தின் தலையிற் போட்ட கட்சிக்காரரை இதற்குமுன் யாம் கேள்விப்பட்டதில்லை. 1971ஆம் ஆண்டு செத்தெம்பர் 29ஆம் நாள் நீகாற்றா மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நோய்க்குக் காரணமான பொருள் எது என்பதையும், அப்பொருள் நோயாளரை வந்தடைந்த வழி எது என்பதையும் வழக்காளி காட்டி, அவ்வழியைத் தொடர்ந்து ஆலையின் வாசல் வரையிற் சென்றுவிட்டால் அது போதும். வாசலுக்கு உள்ளே நடந்ததைக் கம்பனியே விளக்குதல் வேண்டும். தான் காரணமாக இருக்க முடியாது என்று அது எண்பிக்காவிடின் அதுவே காரணம் என்று கொள்ளப்படும் என்பது தீர்ப்பின் சாரம். கம்பனி தோற்றது. சட்டம் பயின்ற நாள் முதலாக யாம் படித்த தீர்ப்புகளுள் இத்துணை எளிமையும் இத்துணை நேர்மையும் உடையன சிலவே.

அதே யப்பானிலிருந்து ஹராடா மசசூமி என்னும் மருத்துவர் 1975ஆம் ஆண்டு கிறாசி நறோசுக்கும் வைற்டொக்குக்கும் வந்தார். மினமாற்றா நோயாளரோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர். மக்களைச் சோதித்து, இங்கே காண்பவை அங்கே கண்ட குறிகளே என்றார். அதன்பின்னும் பல முறை வந்து அதையே சொன்னார். கனடாவின் உத்தியோக வட்டாரம் அதைத் தெளிவான சான்றாக ஏற்கவில்லை. வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்றார்கள். நீகாற்றாவில் நிலநடுக்கம், இங்கே குடிப்பழக்கம். வாதம் ஒன்றேதான்.

வழக்கு, பேச்சுவார்த்தை என்று ஆண்டுகள் கழிந்து, 1985ஆம் ஆண்டு ஓர் இணக்கம் ஏற்பட்டது. இரு கம்பனிகளும் இரு அரசாங்கங்களும் சேர்ந்து 1 கோடியே 66 இலட்சத்து 70 ஆயிரம் டொலர் கொடுத்தன. 1986இல் இதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. பாதரசத்தால் உடல் குன்றியோருக்கு உதவிப்பணம் வழங்க ஒரு சபை அமைந்தது. நடுக்கத்துக்கு இத்தனை புள்ளி, நடைத் தள்ளாட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று கணக்கிட்டு, மாதம் 250 முதல் 800 டொலர் வரையிற் கொடுக்கப்பட்டது. விண்ணப்பித்தவர்களிற் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். கொடுத்த தொகையும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விலைவாசிக்கேற்ப உயராமலே கிடந்தது. இந்தத் தொகைக்கு ஈடாக மக்கள் கொடுத்தது என்ன என்பதையும் பார்க்கவேண்டும்: கம்பனிகள் மீதும் அரசாங்கங்கள் மீதும் அந்த மாசு குறித்து வழக்கிடும் உரிமை. பசித்தவனிடம் கையொப்பம் பெறுதல் கடினமான காரியமன்று.

இதைவிடப் பெரிய பத்திரம் ஒன்று வேறு மேசையில் எழுதப்பட்டது. 1979ஆம் ஆண்டு றீட் கம்பனி ஆலையை விற்கப் புறப்பட்டபோது, நஞ்சின் பாரத்தை ஏற்க வாங்குபவர் தயங்கினர். ஆலை மூடப்பட்டால் வேலை போகும், வாக்குப் போகும். மாகாண அரசாங்கம் முன்வந்து, பழைய மாசினால் வரும் பொறுப்புக்கு ஒரு வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்டதைத் தானே தாங்குவதாக ஈட்டுறுதி அளித்தது. 1985இல் அந்த ஈட்டுறுதி இன்னும் அகலமாக்கப்பட்டது. ஆற்றை நஞ்சாக்கியவருக்கு அரசாங்கம் பிணை நின்றது. ஆற்று மீனை உண்டவனுக்குப் புள்ளிக் கணக்கு. ஆலையை வாங்கியவனுக்கு முத்திரையிட்ட உறுதி.

அந்த உறுதிப்பத்திரம் 2019ஆம் ஆண்டு டிசெம்பரில் கனடாவின் அதியுயர் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. டிறைடன் அருகே பாதரசக் கழிவு புதைத்த நிலத்தைப் பேணிக் கண்காணிக்குமாறு 2011இல் மாகாணம் இட்ட கட்டளையின் செலவை யார் தாங்குவது என்பது வழக்கு. வெயர்ஹவுசர், றெசொலூட் ஆகிய கம்பனிகள் ஈட்டுறுதியைக் காட்டின. கீழ் நீதிமன்றம் முதலில் அவற்றின் பக்கம் தீர்த்திருந்தது. அதியுயர் நீதிமன்றத்தில் நால்வர் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகப் பிரிந்து, மூன்றாந் தரப்பினர் தொடுக்கும் வழக்குகளுக்கே ஈட்டுறுதி பொருந்தும், அரசாங்கத்தின் கட்டளைக்குப் பொருந்தாது என்று தீர்த்தனர். கம்பனிகள் தோற்றன என்று மகிழலாம். ஆனால், ஒரே ஒரு நீதியரசர் மறுபுறம் சென்றிருந்தால், கழிவைக் காக்கும் செலவும் பொதுமக்களின் வரிப்பணத்தில் விழுந்திருக்கும். நாற்பதாண்டுக்கு முன் ஓர் அமைச்சரவை அவசரத்தில் எழுதிய வாசகங்களின் மேல் ஓர் ஆற்றின் விதி தொங்கிக்கொண்டிருந்தது.

சமஷ்டி ஆட்சியை நாடுவோர் கூர்ந்து பார்க்கவேண்டிய இடமும் இதிலுண்டு. பழங்குடி மக்களுக்குப் பொறுப்பு ஒட்டாவாவில் உள்ள மத்திய அரசாங்கம். காட்டுக்கும் ஆலைக்கும் மாசுக்கும் பொறுப்பு ரொறன்ரோவில் உள்ள மாகாண அரசாங்கம். நோயாளன் ஒட்டாவாவுக்குப் போனால், ஆறு மாகாணத்துடையது என்பார்கள். ரொறன்ரோவுக்குப் போனால், பழங்குடிகள் மத்தியின் பொறுப்பு என்பார்கள். அதிகாரத்தைப் பகிர்வதற்கு அட்டவணைகள் எழுதிய அறிஞர்கள் பொறுப்பைப் பகிர்வதற்கு எழுத மறந்துவிட்டார்கள். இது சமஷ்டிக்கு எதிரான வாதமன்று. அதிகாரம் பகிரப்பட்ட நாட்டிலும், எந்த மக்களுக்கு எந்த அட்டவணையிலும் அதிகாரம் இல்லையோ அவர்களே இரு கதவுகளுக்கும் இடையில் அகப்படுகின்றார்கள் என்பதே யாம் சொல்ல வந்தது. காட்டுமரம் வெட்டுவது குறித்துக் கிறாசி நறோஸ் மக்கள் தொடுத்த வேறொரு வழக்கில், உடன்படிக்கை நிலத்தை மாகாணமே எடுத்துக்கொள்ளலாம் என்று 2014ஆம் ஆண்டு அதியுயர் நீதிமன்றம் தீர்த்ததையும் இதனோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம். எடுக்கும்போது அதிகாரம் யாருடையது என்பதில் ஐயமிருக்கவில்லை.

அண்மைக் காலத்தில் நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 2017இல் மாகாணம் ஆற்றைத் துப்புரவாக்க 8 கோடியே 50 இலட்சம் டொலரை ஒதுக்கிற்று. பாதரச நோயாளருக்கென ஊரிலேயே ஒரு பராமரிப்பு இல்லம் அமைக்க மத்திய அரசாங்கம் அதே ஆண்டில் வாக்களித்து, 2020இல் உடன்பாடு செய்தது. 2019இல் தலைமை அமைச்சராயிருந்த திரு. ட்ரூடோ நிதி திரட்டிய விருந்தொன்றிலே கிறாசி நறோசுக்காகக் குரல் எழுப்பிய பெண்ணைக் காவலர் வெளியேற்ற, அவர் நன்கொடைக்கு நன்றி என்று ஏளனமாகச் சொன்னதும், பின்னர் வருத்தம் தெரிவித்ததும் பலரும் அறிந்தவை. 2020இல் மருத்துவ ஆய்விதழொன்றில் வெளியான ஆய்வு, பழைய குருதி, மயிர்ச் சோதனைக் கணக்குகளை எடுத்து, உடலில் மிகுந்த பாதரசம் இருந்தவர்கள் அறுபது வயதுக்கு முன் இறந்தமைக்குத் தொடர்பு காட்டிற்று. 2024ஆம் ஆண்டு வெஸ்ரேண் பல்கலைக்கழக ஆய்வாளர், டிறைடன் ஆலையிலிருந்து வெளியேறும் கந்தகச் சேர்வையும் அங்ககக் கழிவும் ஆற்றடிப் பாதரசத்தை மேலும் மெதைல் பாதரசமாக்கத் துணைபுரிகின்றன என்றனர். பழைய நஞ்சுக்குப் புதிய கழிவு தீனி போடுகிறது என்பது அதன் பொருள். அதே ஆண்டு யூன் மாதம் கிறாசி நறோஸ் மக்கள் மத்திய அரசாங்கத்தின் மீதும் மாகாணத்தின் மீதும் வழக்குத் தொடுத்தனர். 1873ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி எமது மீன்பிடி உரிமையைக் காக்கத் தவறினீர்கள் என்பது அவர்கள் வாதம்.

இவ்வழக்கை நமது சட்டத்தரணிகள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். மீன்பிடிக்கும் உரிமை என்றால் வலை வீசும் உரிமை மட்டுமா, பிடித்ததை உண்ணும் உரிமையும் அடங்குமா என்பதே கேள்வி. சுன்னாகத்திலே கிணற்று நீரில் எண்ணெய் கலந்தபோது நாமும் இதே வகையான கேள்வியைக் கேட்டோம். 2015இல் தொடுக்கப்பட்ட அவ்வழக்கிலே 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நமது உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் நெறியை நிறுத்தி, மின்னுற்பத்திக் கம்பனி 2 கோடி ரூபா செலுத்த வேண்டும் என்று தீர்த்தது. தொகை சிறிது; நெறி பெரிது. அங்கே எண்ணெய், இங்கே பாதரசம். எண்ணெய்க்கு மணமுண்டு, கிணற்றில் வாளி இறக்கிய பெண் அதை அன்றே அறிந்தாள். பாதரசத்தை எந்தப் பெண்ணும் மணத்தால் அறியமாட்டாள். சோதனைச்சாலை அறியும், சோதனையின் முடிவை வைத்திருக்கும் உத்தியோகத்தர் அறிவார். ஆகவே, நீரையும் மீனையும் சோதித்த முடிவுகளைக் கேட்கும் குடிமகனுக்கு அவற்றைக் கொடுக்கவேண்டிய கடமை எங்கும் சட்டமாதல் வேண்டும். நமது நாட்டிலே 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. குளத்து மீனை நம்பி வாழும் சங்கங்கள் அதை இன்னும் கையிலெடுத்துப் பழகவில்லை. ஒரு விண்ணப்பத் தாளும் ஒரு தபால் முத்திரையும் செலவிட்டால் தொடங்கலாம்.

ஒன்ராறியோவில் உள்ள நம்மவருக்கு வேறு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் தை மாதத்தைத் தமிழர் மரபுத் திங்களாகக் கொண்டாட அம்மாகாணம் 2014ஆம் ஆண்டு சட்டம் இயற்றியது. பொங்கல் மேடைகளுக்கு எல்லாக் கட்சி உறுப்பினரும் வருகின்றார்கள்; வேட்டி கட்டுகின்றார்கள்; நமது மக்களுக்கு நிகழ்ந்த அநீதியைப் பற்றி உருக்கமாகப் பேசுகின்றார்கள். நாம் கைதட்டுகின்றோம். அடுத்த தையிலே, கைதட்டி முடிந்த பின், யாரேனும் ஒருவர் எழுந்து அவர்களிடம் கேட்கட்டும்: டிறைடனுக்குக் கீழே ஆற்றடியிற் கிடக்கும் வண்டலை அள்ளும் வேலை எந்த மாதத்தில் தொடங்கும், 1985ஆம் ஆண்டு கம்பனிகளுக்கு எழுதிக்கொடுத்த உறுதியின் கீழ் மாகாணம் இதுவரை எவ்வளவு செலுத்தியிருக்கிறது?